குழந்தையின் மூச்சுக்கு அரசே பொறுப்பு

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை, குறிப்பாக ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தைகளை வாட்டும் நோய் பிராங்கியோலைட்டிஸ் எனப்படும் நுண்மூச்சுக்குழாய் அழற்சி. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. எனும் வைரஸே இதற்குக் காரணம். சாதாரணச் சளியாகத் தொடங்கி, ஓரிரு நாள்களில் இருமலும் இழுப்பும் மூச்சிரைப்புமாக மாறுகிறது. மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் உச்சமடைகிறது. பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே குணமடைகின்றனர்.

இந்நோயை ஒழிக்கும் தனி மருந்து ஏதுமில்லை. வைரஸுக்கு எதிராக ஆன்டிபயாடிக் பயன்படாது. மூக்கடைப்பை உப்புநீர்ச் சொட்டு மருந்தால் நீக்குதல், தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி புகட்டுதல், தேவைப்பட்டால் ஆக்சிஜன் அளித்தல் ஆகியவையே சிகிச்சை. ஆனால், மருத்துவர் எட்டாத குடியிருப்புகளை முதலில் எட்டுவது இருமல் சிரப்தான். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் எனும் நச்சு கண்டறியப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என ஒன்றியச் சுகாதாரத் துறை அதன்பின் அறிவுறுத்தியது.

எப்போது விரைய வேண்டும்? குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 எனும் எண்ணிக்கையைத் தொட்டாலோ கடந்தாலோ அது வேகமூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், முனகல், உதடு நீலமாதல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், பால் குடிக்க இயலாமை, பன்னிரண்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதமின்றி 108ஐ அழைக்க வேண்டும்.

குறைப்பிரசவம், நெருக்கடியான வீடு, விறகடுப்புப் புகை ஆகியவை இந்நோயைக் கடுமையாக்குகின்றன. இவற்றை யார் மீது சமூகம் சுமத்தியிருக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம் தேசியச் சராசரியைவிடப் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடையே அதிகம் என்பதை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. சிகிச்சை இவ்வளவு எளிதாக இருக்கையில், தாமதத்தால் நேரும் மரணத்தை விதியென்று ஏற்க முடியாது.

சட்டம் இங்கே தெளிவாகவே உள்ளது. அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் அவசரச் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவதாகும். நிதிப் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்ல முடியாது என 1996இல் மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நுழைவதைத் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைக் குற்றம்.

ஆகவே, மாணவத் தோழர்கள் தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கான பல்ஸ் ஆக்சிமீட்டர் உள்ளதா, ஆக்சிஜன் இருப்பு எவ்வளவு, இரவில் பணியில் இருப்பவர் யார் என்பவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பே கேட்க வேண்டும். குழந்தை மூச்சுத் திணறும் இரவில் மனு எழுத நேரமிருக்காது.