ஒடிந்த நந்தியாவட்டை

போடிநாயக்கனூரில் ஆடிக்காற்றின் வேகத்தை அறியாதவர் இலர். சென்ற ஆண்டு அக்காற்றில் வேப்பமரக் கிளையொன்று முறிந்து எங்கள் வீட்டு நந்தியாவட்டையின்மீது விழுந்தது. காலஞ்சென்ற என் துணைவியார் வைத்த செடி. பரமசிவன் மலைக்கோயிலுக்கு நாங்கள் கொண்டுசென்ற பூவெல்லாம் அதன் பூவே. கிளைகள் பிளந்து தொங்கின. பட்டை உரிந்து பால் வடிந்தது. பிடுங்கிவிட்டு வேறு செடி வைக்கலாம் என்றான் மகன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

குரங்கணிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்த முதியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் வந்து, அடித்தண்டின் பட்டையை நகத்தால் சற்றே கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை தெரிந்தது. "உசிரு இருக்குதுங்கய்யா. காப்பிச் செடிய வெட்டிவிடுற மாதிரி வெட்டிவிடுவோம்" என்றார்.

முதிர்ந்த காப்பிச் செடியைத் தரையிலிருந்து ஏறக்குறைய ஓரடி உயரத்தில் அறுத்துவிட்டுப் புதுத்தளிர் வளர்ப்பது மலைத்தோட்டங்களில் வழக்கம். வங்கிப் பணியில் இருந்தபோது, அவ்வாறு வெட்டியதால் மகசூல் இல்லையென்று தவணையைத் தள்ளிவைக்கக் கோரும் மனுக்களை நானே பார்த்திருக்கிறேன். செடியைப் பார்த்ததில்லை.

அரிவாள் தண்டைப் பிளந்துவிடும். எனவே கைரம்பத்தால் சாய்வாக அறுத்தோம். சாய்வில் மழைநீர் தங்காது. வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைப் பூசினார். (நந்தியாவட்டைப் பால் கண்ணில் படலாகாது, அன்பர்களே, கையை நன்கு கழுவிக்கொள்ளுங்கள்.) நான் ஆவலோடு உரமூட்டையை எடுத்துவர, அவர் தடுத்துவிட்டார். காய்ச்சல்காரனுக்கு விருந்து எதற்கு என்றார். இலையற்ற செடி நீரையும் மிகுதியாக உறிஞ்சாது. மண் காய்ந்த பின்பே ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் வேர் அழுகும்.

நுனிமொட்டு இருக்கும்வரை, பட்டைக்கடியில் உள்ள மொட்டுகள் உறங்கிக்கிடக்கும். நுனி போனால் அவை விழிக்கும். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டுமே! ஆவணி முழுவதும் மொட்டைக் கட்டையைத்தான் நாள்தோறும் பார்த்தேன். பிடுங்கியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. புரட்டாசியில் சிவந்த பச்சையாய்ச் சிறு முனைகள் வெடித்தன. பத்துக்கு மேல் இருக்கும். வலுவான மூன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடச் சொன்னார் பெரியவர். வந்ததைக் கிள்ளக் கை வரவில்லை, அவரே கிள்ளினார். ஐப்பசி மழைக்குப் பின் சிறிது தொழுவுரம் இட்டோம்.

சித்திரையில் முதன்முதலாக ஏழு பூக்கள் கிடைத்தன. மலைப்படி ஏற என் முழங்கால் இப்போது இடங்கொடுப்பதில்லை. பேத்தியிடம் கொடுத்தனுப்பினேன்.