கியா பார்முக்கு ரயில் வராது; ஆனாலும் ரயில் வேண்டும்

பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சந்தைக்குப் போகிறவர்கள் பார்ப்பது ஸ்ட்ராபெரி, வேகவைத்த சோளம், கார் நிறுத்த இடமில்லாத நெரிசல். கடைகளுக்குப் பின்னால் நடப்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அங்கே முட்டைக்கோஸ், தக்காளி, சாலட் கீரை எல்லாம் கூடை கூடையாக லோரியில் ஏறிக்கொண்டிருக்கும். மலை இறங்கும் அந்த லோரிகள் விடிவதற்குள் செலாயாங் மொத்தச் சந்தையில் நிற்க வேண்டும். சில லோரிகள் சிங்கப்பூர் வரை போக வேண்டும். கோலாலம்பூரில் நாம் காலையில் வாங்கும் கீரை, முந்தின இரவு அத்தனை வளைவுகளையும் தாண்டித்தான் வந்திருக்கிறது.

லோரி என்றாலே இப்போது நமக்குக் கோபம் வருகிறது. 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரியும் கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனமும் மோதி ஒன்பது போலீசார் உயிரிழந்தார்கள். அதன் பிறகு அளவுக்கு மீறிய பாரம் பற்றி நாடே பேசியது. "சரக்கு எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிவிட வேண்டியதுதானே!" என்ற குரலும் எழுந்தது. மாணவர்களின் பேச்சுப் போட்டிக்கும் இது நல்ல தலைப்பு. ரயில் கட்சிக்குக் கைதட்டல் சுலபமாகக் கிடைக்கும்.

நானும் ரயில் கட்சிதான். ஆனால் அந்த வாதத்தைக் கியா பார்முக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தால், அதில் பாதி அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. உதிராத பாதியைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் ரயிலின் பலம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது ஏற்படும் தடை மிகக் குறைவு. ரப்பர் டயர் தார்ச்சாலையில் உருளும்போது டயர் நசுங்கி நசுங்கி நிமிர்கிறது. அதிலேயே எண்ணெயின் ஒரு பகுதி வீணாகிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக லோரிக்கு ஆகும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ ரயிலுக்குப் போதும். 30 வேகன் கொண்ட ஒரு ரயிலில், வேகனுக்கு இரண்டு என்று 20 அடி கொள்கலன்கள் 60 ஏற்றலாம். அதை ஓட்ட இரண்டொருவர் போதும். சாலை வழியென்றால் எத்தனை லோரி, எத்தனை ஓட்டுநர் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

ஆனால் இரும்பு இரும்பின்மேல் வழுக்கும். சமதளத்தில் பலமாக இருப்பது மேட்டில் பலவீனமாகிவிடுகிறது. 44 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயரும் பாதையே சாதாரண ரயிலுக்குக் கடினமான ஏற்றம். கியா பார்ம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,600ஐ 44ஆல் பெருக்கினால் 70 கிலோமீட்டர் வருகிறது. ஒரு இடத்தில்கூடச் சமமாகாமல் ஏறிக்கொண்டே இருந்தாலும் அவ்வளவு நீளத் தண்டவாளம் வேண்டும். அதுவும் மண்சரிவுக்குப் பேர் போன மலையில்.

முடியாத காரியமா என்றால், முடியும். செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில் நுவரெலியாவுக்கு அருகே நானுஓயா ரயில் நிலையம் ஏறக்குறைய கியா பார்மின் உயரத்தில்தான் இருக்கிறது. கொழும்பிலிருந்து அங்கே ரயில் பாதை சுமார் 200 கிலோமீட்டர். கியா பார்மிலிருந்து கோலாலம்பூருக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். 1885லேயே பாதை நானுஓயாவை எட்டிவிட்டது. சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பதற்காக வெள்ளைக்காரர்கள் அதைப் போடவில்லை. காப்பியையும், பின்னர் தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்டார்கள். அப்போது ரயிலுக்குப் போட்டி மாட்டு வண்டி.

இன்று என்ன நிலைமை? நுவரெலியாவின் கேரட்டும் லீக்ஸும் பெரும்பாலும் லோரியில்தான் கீழே இறங்குகின்றன. ரயில் பாதை வாசலிலேயே இருந்தும் இப்படி. நீலகிரியிலும் இதே கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்குப் பல்சக்கர ரயில் ஓடுகிறது. 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஊட்டிக் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வருவதோ லோரியில். ரயில் பாதை உள்ள மலைகளிலேயே காய்கறி லோரியைத் தேடிப் போகிறது என்றால், நாம் ஏன் பாதை இல்லாத மலையில் அதைப் போடச் சொல்ல வேண்டும்?

காரணம் சரக்கின் குணம். முட்டைக்கோஸ் காத்திருக்காது. தோட்டத்தில் ஏற்றி, தாப்பா ரோட்டிலோ ஈப்போவிலோ இறக்கி, வேகனில் ஏற்றி, கோலாலம்பூரில் இறக்கி, மறுபடியும் லோரியில் ஏற்றிச் செலாயாங்கில் இறக்கினால் மூட்டை மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் தக்காளி நசுங்கும், கூலி ஏறும், ஒரு மணி நேரம் போகும். 200 கிலோமீட்டர் பயணத்தில் ரயில் மிச்சப்படுத்தும் எண்ணெய்க் காசு இந்தக் கூலிக்கே பற்றாது.

இந்தியாவில் 2020 ஆகஸ்ட் 7ஆம் தேதி தொடங்கிய 'கிசான் ரயில்' காய்கறி, பழங்களுக்காகவே விடப்பட்டது. மகாராஷ்டிராவின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குச் சென்ற முதல் வண்டிக்குத் தூரம் சுமார் 1,500 கிலோமீட்டர். அந்த ஆண்டே காய்கறி, பழங்களுக்கான கட்டணத்தில் பாதியை அரசு மானியமாக ஏற்றது. அவ்வளவு தூரமும் பாதி மானியமும் சேர்ந்தால் காய்கறி ரயில் ஏறுகிறது. நம் தூரம் அதில் ஏழில் ஒரு பங்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காய்கறி இறக்கிய லோரி காலியாகத் திரும்புவது யாருக்கும் கட்டுப்படியாகாது. மலைக்கு உரம் வேண்டும், கோழி எரு வேண்டும், தோட்டத்துக் கூரைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும். ஏற்றத்தில் ஒரு சரக்கு, இறக்கத்தில் ஒரு சரக்கு என்று லோரிக்காரர் தாமே கணக்கைச் சரிசெய்து கொள்கிறார். எந்த ரயில்வே அட்டவணையும் இந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது. (கோழி எரு ஏற்றிய வண்டியைக் கழுவாமல் கீரை ஏற்றினால் என்ன ஆகும் என்பது வேறு கட்டுரைக்கான விஷயம்.)

அப்படியானால் லோரி கட்சி வென்றுவிட்டதா? இல்லை. காய்கறிக்கு லோரிதான் என்பதால் எல்லாவற்றுக்கும் லோரிதான் என்று ஆகிவிடாது. இந்த நாட்டின் பழைய கதையே அதற்குச் சாட்சி. நானுஓயாவை ரயில் எட்டிய அதே 1885இல், ஜூன் 1ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. தூரம் 13 கிலோமீட்டர்கூட இல்லை. ஏற்றிச் சென்றது ஈயம். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் அந்தப் பாதையைப் போட்டார்கள். பின்னாளில் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிலைய அதிகாரிகளாகவும், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளத் தொழிலாளர்களாகவும் உழைத்தார்கள். நம்மில் பலருடைய தாத்தாக்கள் சரக்கு ரயிலால் சோறு சாப்பிட்டவர்கள்.

13 கிலோமீட்டருக்கு ரயில் எப்படிக் கட்டுப்படியானது? சரக்கு கனமானது, கெடாதது, தினமும் வருவது. பாதையின் ஒரு முனையில் சுரங்கம், மறுமுனையில் துறைமுகம். நடுவில் ஏற்றி இறக்கும் வேலையே இல்லை. இன்றும் அதே விதிதான். தென் தாய்லாந்தின் ரப்பர் பாடாங் பெசாரில் கொள்கலன்களாக ரயிலேறிப் பினாங்குத் துறைமுகத்துக்கு வருகிறது. 200 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனாலும் ரயில் அங்கே நிலைத்து நிற்கிறது. ரயில் பயன்படத் தூரம் 400, 500 கிலோமீட்டர் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தூரத்தைவிட இரு முனைகளும் சரக்கின் ஒழுங்கும்தான் முக்கியம் என்பதைப் பாடாங் பெசார் காட்டுகிறது.

சிமெண்ட், கொள்கலன், எண்ணெய், தானியம், இரும்பு ஆகியவை அப்படிப்பட்ட சரக்குகள். இவற்றில் பெரும்பகுதி இன்னும் நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது. ஏன்? லோரி வாடகை மலிவு. அது ஏன் மலிவாக இருக்கிறது என்பதைத்தான் மாணவர்கள் கேட்க வேண்டும்.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலைகளை வேண்டுமென்றே தேய்த்துப் பார்த்த ஒரு பெரிய சோதனை நடந்தது. அதிலிருந்து வந்த விதி இது: அச்சின்மேல் உள்ள பாரம் கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 20 விழுக்காடு கூடுதலாக ஏற்றினாலே சேதம் இரண்டு மடங்கு. படிவம் 4 கணக்குத் தெரிந்தவர்கள் 1.2ஐ நான்கு முறை பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சேதத்துக்கு லோரி முதலாளி பணம் கட்டுவதில்லை, நாம் கட்டுகிறோம். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியபோதும், தகுதி பெற்ற சரக்கு வாகனங்களுக்கு அட்டை வழியாகப் பழைய விலையே தொடர்ந்தது. பொருள் விலை ஏறக்கூடாது என்பதற்காகச் செய்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. தக்காளி லோரிக்கு அது நியாயம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சிமெண்ட் ஏற்றிப் போகும் லோரிக்கும் அதே சலுகை எதற்கு? ரயிலில் போகக்கூடிய சரக்கைச் சாலையில் வைத்திருக்க நாமே காசு கொடுத்தது போல் அல்லவா ஆகிறது?

கியா பார்மில் இருப்பவருக்கு இதனால் என்ன? மலையிலிருந்து இறங்கும் காய்கறி லோரி, தாப்பாவிலோ சிம்பாங் பூலாயிலோ வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சேர்ந்ததும் இரவெல்லாம் இந்தக் கனரக வாகனங்களுக்கு நடுவில்தான் ஓடுகிறது. மலைச்சாலையிலோ பள்ளிப் பேருந்தும் சுற்றுலாப் பேருந்தும் லோரியும் ஒரே வளைவில் திரும்புகின்றன. 2010 டிசம்பரில் சிம்பாங் பூலாய் சாலையில் தாய்லாந்துப் பயணிகள் வந்த பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மலைவாசிகள் மறக்கவில்லை. ரயிலில் ஏறக்கூடிய சரக்கு ரயில் ஏறினால், லோரியிலேயே போக வேண்டிய சரக்குக்குச் சாலையில் இடமும் பாதுகாப்பும் கிடைக்கும்.

தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் அன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, ஒரு காலத்தில் கிளை ரயில் ஓடியது. 1980களின் இறுதியில் அது மூடப்பட்டது. அந்தப் பாதை இருந்திருந்தால் மே 13 விபத்து நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. கல் குவாரியிலிருந்து பக்கத்துக் கட்டுமான இடத்துக்குப் போகும் கல் எப்படியும் லோரியில்தான் போகும். அங்கே தேவைப்படுவது ரயில் அல்ல. எடை மேடையும், பாரத்தை மீற மறுக்கும் ஓட்டுநருக்கு வேலை போகாது என்ற உறுதியும். நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவர், குறைந்த பாரத்தோடு நிதானமாகப் போனால் அவருடைய குடும்பம்தான் நஷ்டப்படுகிறது.

ரயில் தரப்பிலும் குறை உண்டு. மேற்குக் கரையில் மின்ரயில் வந்த பிறகு பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை. சரக்கு வண்டி ஓரம் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். கட்டப்பட்டு வரும் இசிஆர்எல் பகாங்கின் குவாந்தான், மெந்தகாப், பெந்தோங் வழியாகக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிறது. அதன் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். கேடிஎம் பாதையோ 1,000 மில்லிமீட்டர். ஒன்றின் வேகன் மற்றொன்றில் ஓடாது. மாறும் இடத்தில் கொள்கலனைத் தூக்கி வைக்க வேண்டும். சிங்கப்பூர் விஷயம் இன்னும் வேடிக்கை. கேமரன் காய்கறியில் ரயிலுக்கு ஓரளவு பொருந்தக்கூடிய நீண்ட தூரம் அது ஒன்றுதான். ஆனால் தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் மூடப்பட்டபின் பாதை உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது. புதிதாக வரும் ஆர்டிஎஸ் பயணிகளுக்கு மட்டும்.

எனவே மலைக்கு ரயில் கேட்டு மனுப் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. மலையடிவாரத்தில், தாப்பாவிலோ சிம்பாங் பூலாயிலோ, சிறு விவசாயிகள் சேர்ந்து பயன்படுத்தக்கூடிய குளிர்பதனச் சேகரிப்பு நிலையம் கேட்கலாம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது கேமரன் மலை விவசாயிகள் டன் கணக்கில் காய்கறியைக் கொட்டினார்களே, அப்போது சாலையும் இருந்தது, தண்டவாளமும் இருந்தது. சந்தை சுருங்கிய அந்த நாட்களில் விளைச்சலை நான்கைந்து நாள் தாக்குப்பிடிக்க வைக்கும் இடமும், யாருக்கு எவ்வளவு அனுப்புவது என்று ஒருங்கிணைக்கும் ஆளும் போதவில்லை. அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்களைத்தான் தளவாடத் துறைப் படிப்புகள் உருவாக்குகின்றன. எஸ்பிஎம் முடித்துவிட்டு என்ன படிப்பது என்று யோசிக்கும் தானா ராத்தா, ரிங்லெட் மாணவர்கள் அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். லோரி எப்போது புறப்படும், எங்கே தாமதமாகும் என்பதை அவர்கள் ஏற்கெனவே பாதி அறிந்திருக்கிறார்கள்.