அரசாணைக்கு அடங்காத தாயத்து

பழைய எகிப்தின் சமயத்தைப் பிரமிடுகளையும் அரசர்களின் கல்வெட்டுகளையும் வைத்தே நாம் எடைபோடுகிறோம். ஆனால், வீட்டுக்குள் மக்கள் எந்தத் தெய்வத்தை நம்பினார்கள் என்பதற்கு விரலளவுத் தாயத்துதான் நம்பகமான சாட்சி. எகிப்தின் அமர்னா என்னும் இடம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அகெநாதென் என்ற மன்னன், ஆதென் என்னும் சூரிய வட்டையே வணங்க வேண்டும் என்று சொல்லி அங்கே புதுத் தலைநகர் கட்டினான். அமுன் கடவுளின் பெயரை நாடெங்கும் கோயில் சுவர்களிலிருந்து கொத்தி எடுக்கச் செய்தான். அதே நகரை 1891-92இல் அகழ்ந்த தொல்லியலாளர் பிலிண்டர்ஸ் பீட்ரிக்குச் சுட்ட களிமண் அச்சுகள் ஏராளமாகக் கிடைத்தன. படிகக்கல் தூளைப் பிசைந்து இத்தகைய அச்சில் அழுத்திச் சூளையில் வைத்தால், செம்பு சேர்ந்த நீலப் பளபளப்போடு தாயத்து வெளிவரும். அமர்னாவில் இப்படிச் செய்யப்பட்ட உருவங்களில் பேஸும் தவெரத்தும் உண்டு. பேஸ் குள்ள உடலும் பிடரிமயிரும் கொண்டு, நாக்கை நீட்டி மிரட்டும் தெய்வம். தவெரத்துக்கு நீர்யானையின் சூல்வயிறு, சிங்கக் கால்கள், முதுகில் முதலை. பேறுகாலத்துப் பெண்ணுக்கும் பச்சிளங்குழந்தைக்கும் இவ்விருவருமே காவல்.

இவை வெறும் அணிகலன்கள், பழைய வடிவங்கள் பழக்கத்தால் நீடித்தன என்று வாதிடலாம். ஆனால் அமர்னாவின் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீட்டுச் சுவரிலேயே பேஸ் உருவங்கள் ஆடுகின்றன, பக்கத்தில் தவெரத் நிற்கிறாள். கழுத்தணிக்கு அழகு ஒன்றே காரணம் என்றாலும், குடியிருக்கும் அறையின் சுவருக்கு அந்தக் காரணம் போதாது. மன்னனின் பகை அமுனோடுதான், சிறு தெய்வங்களை அவன் பொருட்படுத்தவில்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கருவிலிருக்கும் குழந்தைக்கு உயிரூட்டுபவன் ஆதெனே என்று, அமர்னாவில் ஆய் என்ற அதிகாரியின் கல்லறையில் பொறித்த துதிப்பாடல் சொல்கிறது. பிரசவமும் தன் கடவுளின் பொறுப்பே என்று அரசவை அறிவித்த பிறகும், மக்கள் தவெரத்தைக் கைவிடவில்லை. தடை இல்லாததால் அவள் தப்பித்தாள் என்றால், அவளைத் தேடிப்போக வைத்தது எது? பிரசவத்தில் தாயும் சேயும் சாவது சாதாரணமாக இருந்த காலத்தின் அச்சம்தான்.

ஆகவே, ஒரு நாட்டின் சமயம் மாறிவிட்டதென்று அரசனின் ஆணையை மட்டும் வைத்து எழுதும் வரலாறு அரைகுறையானது. கோயிலை ஆணையால் மூடலாம். பிரசவ அறையின் பயத்தை அப்படி மூட முடியாது. அருங்காட்சியகங்களில் ஓரத்துப் பெட்டிக்குள் கிடக்கும் தாயத்துகளை அரசச் சிலைகளுக்குச் சமமான சான்றாக வைத்துப் படிப்பதே நேர்மையான வரலாற்று முறை.