நெம்புதலும் தட்டுதலும்

சென்ற மழைக்காலத்தின் முடிவில் நண்பரின் பழைய கார் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒற்றை ஒலி மட்டும். பேட்டரியில் குறையில்லை. "செல்ஃப் போயிருச்சு சார், கழட்டணும்" என்றார் பட்டறைக்காரர். 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின்கருவி காடிலாக் கார்களில் வந்து, கைப்பிடியைச் சுழற்றும் வேலையை ஒழிக்கத் தொடங்கியது. அந்த 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்பதன் முன்பாதி நம் பட்டறைகளில் நிலைத்துவிட்டது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். செல்ஃபுக்குப் போகும் தடித்த வயரில் எந்நேரமும் மின்சாரம் உண்டு. ஸ்பானர் தவறி உடற்பகுதியில் பட்டால் தீப்பொறி பறக்கும். போல்ட்டுகள் வந்தன, மோட்டார் வரவில்லை. அதன் இரும்பு முகப்பு கியர்பாக்ஸின் அலுமினிய உறைக்குள் இறுகப் பொருந்தியிருந்தது. இரு உலோகங்களுக்கிடையே ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து வெண்பொடியாகிறது. அப்பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு ஆப்பாக இறுகிவிடுகிறது.

எங்களில் ஒருவர் கடப்பாரையை எடுத்தார். "நெம்பாதீங்க சார்!" என்று தடுத்தார் பட்டறைக்காரர். வார்ப்பு அலுமினியம் வளைந்துகொடுக்காது, உடையும். உடைந்தால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை விளிம்பில் விட்டு ஊறவைத்தார். தேநீர் அருந்தி வந்தபின், சுத்தியலால் இடமும் வலமும் மாறிமாறி மெல்லத் தட்டினார். மயிரிழை அசைவு. மறுபடி எண்ணெய், மறுபடி தட்டல். மூன்றாம் முறை நேராக இழுத்தபோது கையோடு வந்தது.

அன்று கேட்ட பெயர்ச்சொற்களில் பல ஆங்கிலம். வினைகளோ ஊறவிடு, தட்டு, அசை, நெம்பாதே என அனைத்தும் தமிழ். கலைச்சொல் குறித்த நம் சர்ச்சைகள் பெயர்களையே சுற்றிவருகின்றன. செல்ஃபுக்கு ஒரு தமிழ்ச்சொல் கிடைத்தால் அறிவே தமிழுக்கு வந்துவிட்டதாக மகிழ்கிறோம். அறிவு இருப்பதோ நெம்புவதற்கும் தட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டில்.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் மண்ணின் சொற்களை அகராதியாக்கினார். பட்டறையின் வினைகளுக்கு அத்தகைய நூலொன்று எங்கள் அலமாரிகளில் இல்லை. மகனை இத்தொழிலுக்கு விடவில்லை என்றார் பட்டறைக்காரர். அவர் கை ஓயும்முன் யாரேனும் குறிப்பேட்டுடன் அருகில் அமர வேண்டும். கலைச்சொல் பற்றிய அடுத்த விவாதத்தை நாம் அங்கிருந்து தொடங்குவதே முறை.