சிகரங்களுக்கு ஒரு சாட்சி

இங்கிலாந்தின் வடமேற்கே ஏரி மாவட்டம் என்று வழங்கும் மலைப் பிரதேசத்தில், கெஸ்விக் என்ற சிற்றூரின் கடைவீதி நடுவே மூட் ஹால் என்னும் பழைய மண்டபம் ஒன்று நிற்கிறது. அதன் வாசலிலிருந்து புறப்பட்டு, சுற்றிலும் உள்ள 42 சிகரங்களையும் தொட்டு, 24 மணி நேரம் முடியுமுன் அதே வாசலுக்குத் திரும்பி வந்து சேர்வதை அந்நாட்டு மலை ஓட்டக்காரர்கள் ஒரு விரதம்போல் போற்றி வருகிறார்கள். தூரம் ஏறத்தாழ 106 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரங்களையெல்லாம் கூட்டினால் 8,200 மீட்டர் வரை வரும். 1932ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தச் சுற்றை முதன்முதல் 23 மணி 39 நிமிஷத்தில் முடித்தவர் பாப் கிரஹாம் என்பவர். கெஸ்விக்கில் விருந்தினர் விடுதி நடத்தி வந்த எளிய மனிதர். டென்னிஸ் காலணியும் அரைக்கால் சட்டையும் பைஜாமா மேற்சட்டையும் அணிந்து, ரொட்டியும் வெண்ணெயும் அரைவேக்காட்டு முட்டையும் பழங்களும் ஆகாரமாகக் கொண்டு அவர் ஓடினார் என்று சொல்வார்கள். அதற்குப் பின் 28 ஆண்டுகள், ஆலன் ஹீட்டன் 1960இல் வந்து மறுபடி நிகழ்த்திக் காட்டும் வரையில், அச்சுற்றை வேறெவரும் முடிக்கவில்லை.

அந்தச் சாதனையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நேரக் கணக்கையே பேசுகிறார்கள். கிரஹாமுடன் அன்று அவருடைய சிநேகிதர்கள் பகுதி பகுதியாக முறை வைத்துக்கொண்டு உடன் ஓடினார்கள் என்பதும், 1971இல் அவர் பெயரால் தோன்றிய சங்கம் அந்த வழக்கத்தையே நியமமாக ஆக்கி, ஒவ்வொரு சிகரத்திலும் உடன் வந்தவர் ஒருவர் சாட்சியாக நிற்க வேண்டும் என்று விதித்திருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. துணையின்றி ஓடி முடித்தவருடைய ஆற்றலை எவரும் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் உறுப்பினர் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் சாட்சி வேண்டும். செயற்கைக்கோள் வழியாக ஒருவர் நிற்கும் இடத்தை நொடிக்கு நொடி காட்டும் கருவி எல்லார் கையிலும் வந்துவிட்ட இக்காலத்தில் இந்த விதி எதற்கு என்று கேட்போர் இருக்கிறார்கள். அந்த விதி இன்றைக்கும் அவசியம் என்பதும், அதைக் கைவிட்டால் மலை ஓட்டம் தன் உயிர்நிலையையே இழந்துவிடும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தச் சுற்றின் நடுவில், இங்கிலாந்திலேயே மிக உயர்ந்ததான 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக்கும், அதற்குச் சற்றே தாழ்ந்த ஸ்கேஃபெல் சிகரமும், இடையே ஒரு குறுகிய கணவாயுடன் அடுத்தடுத்து நிற்கின்றன. 1802 ஆகஸ்டில் கவிஞர் கோல்ரிட்ஜ் தன்னந்தனியாக ஸ்கேஃபெல் மீது ஏறி, இறங்கும் மார்க்கம் எது என்று விசாரித்தறியாமல், இன்று பிராட் ஸ்டாண்ட் என்று சொல்லப்படும் பாறைப் படிகளின் வழியே, ஒரு திண்டிலிருந்து அடுத்த திண்டுக்குக் கைகளால் தொங்கிக் குதித்துக்கொண்டே இறங்கினார். மேலே திரும்பி ஏறவும் வழியில்லை, கீழே குதித்தால் பின்புறமாகச் சாய்ந்து விழுந்து மடிய நேரும் என்ற இடத்துக்கு வந்ததும், கைகால்கள் நடுங்க மல்லாந்து படுத்துவிட்டார். பாறையில் ஓர் இடுக்கு கண்ணில் பட்டதனால் பிழைத்தார். இந்த அனுபவத்தை அவரே கடிதத்தில் பரவசத்தோடு எழுதியிருக்கிறார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1818 அக்டோபரில், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் சகோதரி டாரதி, மேரி பார்க்கர் என்ற தோழியுடன், ஆட்டிடையர் ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஸ்கேஃபெல் பைக்கின் மீது ஏறினார். வழியில் உள்ள வேறொரு கணவாய் வரையில் போய்த் திரும்புவதாகத்தான் உத்தேசம். வானம் தெளிந்திருந்ததால் உச்சி வரைக்கும் போனார்கள். உச்சியில் காற்றே அடங்கியிருந்தது. அந்த அமைதியிலும் புயல் வருகிறதென்பதை மேகத்தின் குறிப்பால் உணர்ந்து சொன்னவர் அந்த இடையர். டாரதி எழுதிய அந்த வருணனையை அண்ணன் தம்முடைய ஏரி மாவட்ட வழிகாட்டி நூலில் தங்கையின் பெயரைக் குறிப்பிடாமலே சேர்த்துக்கொண்டார் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்று அந்தச் சுற்றை ஓடுகிறவர்களுக்காக அதே பிராட் ஸ்டாண்ட் பாறையில் முன்கூட்டியே போய்க் கயிறு கட்டி, குளிரில் மணிக்கணக்காகக் காத்து நிற்பவர்களும் சிநேகிதர்களே. கோல்ரிட்ஜுக்கு அன்று அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

துணைவர் செய்யும் கைங்கரியம் இன்னதென்று வெளியார் அறிவது அரிது. உணவையும் நீரையும் திசைகாட்டியையும் சுமப்பவர் அவர். மூடுபனிக்குள் உச்சியின் கற்குவியலைத் தேடிப் பிடித்து, அதைத் தொட்ட நேரத்தைத் தாளில் குறிப்பவர் அவர். காற்று வீசும் பக்கம் தாம் நடந்து, மற்றவரை மறுபக்கம் விடுபவர் அவர். இவற்றையெல்லாம் விடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. பதினெட்டு மணி நேரம் ஓடிய உடம்பு ஆகாரத்தை வெறுக்கிறது. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்து உடலின் வெப்பத்தைக் கவரத் தொடங்கும்போது, கை கால்களோடு புத்தியும் மெல்லத் தளர்கிறது. அப்படித் தளர்வதைத் தளர்கிறவர் அறிய மாட்டார் என்பதுதான் இதிலுள்ள பேரபாயம். நாக்குக் குழறுவதையும், நடை தடுமாறுவதையும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருவதையும் அருகில் இருக்கும் மனிதர்தாம் காண முடியும். கையில் கட்டிய கருவி, மனிதர் இருக்கும் இடத்தைச் சொல்லும். அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்லாது.

அச்சுற்றின் கடைசிப் பகுதியில் உள்ள டேல் ஹெட், ஹிண்ட்ஸ்கார்த், ராபின்ஸன் என்ற மூன்று சிகரங்களை மட்டும் நானும் ஒரு சிநேகிதரும் கோடையில் ஒரு நாள் கடந்தோம். ஹானிஸ்டர் கணவாயில், பலகைக்கல் வெட்டும் சுரங்கத்தின் அருகிலிருந்து, வேலிக் கம்பியை ஒட்டியே புல் சரிவில் ஏற வேண்டும். ஏற்றத்தில் ஓடுவது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகிற காரியமன்று. முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொண்டு, பேச்சில்லாமல், ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் இடைவெளியில் நடந்தோம். மேலே போனதும் ஓட்டம் வந்தது. டேல் ஹெட்டின் உச்சியில் அழகாக அடுக்கிய கற்குவியலைத் தொட்டுவிட்டு, மேட்டு விளிம்பின் வழியே, இடப்புறம் பட்டர்மியர் ஏரியும் வலப்புறம் நியூலாண்ட்ஸ் பள்ளத்தாக்கும் கண்ணில் பட ஓடியபோது, என்னைவிட விரைவாக ஓடக்கூடியவரான என் சிநேகிதர் தம் கால்களின் வேகத்தை ஒருமுறைகூட எனக்குக் காட்டவில்லை. நான் களைத்தபோது நிற்கலாமா என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தாமல், தம் காலணிக் கயிறு தளர்ந்துவிட்டதாகச் சொல்லிக் குனிந்து நிற்பார். ராபின்ஸனிலிருந்து இறங்கும் இடத்தில் பாறைப் படிகள் ஈரமாக இருந்தன. தாம் முதலில் இறங்கி, நான் எங்கே கால் வைக்க வேண்டும் என்பதைக் கையாலேயே சுட்டிக் காட்டினார். அன்றைய நேரக் கணக்கை நான் மறந்துவிட்டேன். அந்தக் கை இன்னும் நினைவில் இருக்கிறது.

தனிமையின் சுகத்தைச் சொல்வோர் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். கெண்டல் நகரசபையில் பொக்கிஷதாரராகப் பணியாற்றிய ஆல்ஃப்ரட் வெயின்ரைட், அம்மாவட்டத்தின் 214 மலைகளுக்கும் தம் கையாலேயே எழுதி, படமும் வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்களை வெளியிட்டவர். தனியாக நடப்பதையே பெரிதும் விரும்பியவர். நடந்து, நின்று, வரைந்து, ரசிக்கிறவருக்குத் தனிமை ஒரு செல்வம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உடலின் எல்லை வரை போய்ப் பார்க்கத் துணிந்தவருக்கு அது பொருந்தாது. அதே 214 மலைகளையும் ஒரே தொடர்ச்சியாகக் கடக்க வேண்டுமென்று 1986இல் புறப்பட்டு, ஏழு நாளும் சற்றே கூடுதலான நேரமும் எடுத்து முடித்த ஜாஸ் நெய்லருக்கும் துணைவர்கள் இருந்தார்கள். வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்துப் பிழைத்த இவர், 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களைத் தொட்டவர். 2024இல் தமது 88ஆம் வயதில் காலமாகும் வரையில், அம்மலைகளில் ஓட வந்த இளைஞர்களுக்கு உற்ற துணையாக விளங்கினார்.

பில்லி பிளாண்ட் 1982இல் பாப் கிரஹாமின் சுற்றை 13 மணி 53 நிமிஷத்தில் முடித்தார். 36 ஆண்டுகள் எவராலும் முந்தப்படாத அந்தக் கணக்கை 2018இல் கட்டலான் தேசத்து வீரரான கிலியன் ஜோர்னெட் 12 மணி 52 நிமிஷத்தில் முறியடித்தார். உலகமெங்கும் பெயர் பெற்ற அந்த வீரரை, மலையின் ஒவ்வொரு மூலையையும் அறிந்த உள்ளூர் ஓட்டக்காரர்கள் பகுதி பகுதியாக அழைத்துச் சென்றார்கள். மூட் ஹால் வாசலில் அவரை எதிர்கொண்டு வாழ்த்தியவர்களுள் பில்லி பிளாண்டும் இருந்தார். தம் சாதனையைத் தாண்டியவரை அவ்விதம் வரவேற்கும் மனப்பான்மை, ஆண்டுதோறும் பிறர் ஓட்டத்துக்காக இரவில் மலையேறி உழைக்கும் சமூகத்தில்தான் பிறக்கும் என்று நான் நம்புகிறேன். ஒருவருக்கு நான்கைந்து பேர் துணை வருகிறார்கள். அடுத்த கோடையில் அவர் வேறொருவருக்குத் துணையாகப் போகிறார். இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கருவியின் கையில் ஒப்படைத்துவிட்டால், பிறகு மிஞ்சுவது கடிகாரமும் ஒரு மனிதரும் மட்டுமே.

1968இல் இங்கிலாந்தில் தோன்றிய கரிமோர் மலை மாரத்தான் இவ்விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. இரண்டு நாள், கூடாரமும் உணவும் முதுகில் சுமந்து, இருவர் இருவராகவே ஓட வேண்டும். ஜோடியில் ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் முன்னே போக முடியாது. வேகமானவர் மெதுவானவரின் காலால் அளக்கப்படுகிறார். இதை நியாயமற்ற விதி என்று கருதுவோர் மலையை ஓட்டப்பந்தயத் திடலாக எண்ணிவிட்டார்கள் என்றே சொல்வேன். இந்த விதியைப் பின்பற்றும் போட்டிகள் குறையாமல் பெருக வேண்டும் என்பது என் விருப்பம். கூடவே இன்னொன்றும் செய்யலாம்: சாதனைகளை வெளியிடும் பத்திரிகைகளும் சங்கங்களும், சிகரத்தைத் தொட்டவர் பெயருக்குக் கீழே, எந்தப் பகுதியில் யார் உடன் ஓடினார், பாறையில் கயிறு பிடித்தவர் யார், சாலையோரத்தில் விடியுமுன் அடுப்பு மூட்டிச் சூப்புக் காய்ச்சி வைத்திருந்தவர் யார் என்ற பெயர்களையும் சேர்த்து அச்சிடலாம்; அதற்கு நான்கு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.