பயறு, ஆலமரம், பூஜ்யம் மார்க்

என் பெண் ஏழாவது படிக்கிறாள். 'உயிருள்ளவற்றின் பண்புகள்' என்று ஒரு பாடம். அசையும், வளரும், சுவாசிக்கும், உண்ணும், கழிவை வெளியேற்றும், தூண்டினால் எதிர்வினை காட்டும், இனம் பெருக்கும். ஏழையும் வரிசையாக ஒப்பித்தால் முழு மார்க். "காய்ந்த விதைக்கு உயிர் உண்டா?" என்ற கேள்விக்கு "உண்டு" என்று எழுதி பூஜ்யம் வாங்கி வந்தாள். ஏழில் ஒன்றுகூட அதில் தெரியவில்லையாம்!

எனக்கும் அறிவியலுக்கும் ரொம்ப தூரம். பி.காம். முடித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்த ஆசாமி. ஆனால் இது எங்க தொழிலிலேயே இருக்கும் சமாசாரம். இரண்டு வருஷத்துக்கு மேல் வரவு செலவே இல்லையென்றால் 'செயல்படாத கணக்கு' என்று ஒதுக்கி வைப்போம். மூடிவிட மாட்டோம். ஆள் வந்து கே.ஒய்.சி. கொடுத்தால் மறுபடி ஓடும். இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த சுமார் 2000 வருஷத்துப் பேரீச்சங்கொட்டை ஒன்று 2005-ல் முளைத்ததே, அது எந்தக் கணக்கு?

போன ஞாயிறு அவளைச் சமாதானப்படுத்த, மைசூர் ரோடிலிருந்து உள்ளே போனால் ராமோஹள்ளி பக்கத்தில் இருக்கும் தொட்ட ஆலமரத்துக்குக் கூட்டிப்போனேன். (கன்னடத்தில் 'தொட்ட' என்றால் பெரிய. யாரும் தொட்டதால் வந்த பெயரில்லை!) 400 வயசு என்கிறார்கள், மூணு ஏக்கர் பரப்பு. நடு அடிமரம் நோய் வந்து செத்துவிட்டது. விழுதுகளே தூணாகி நிற்கின்றன.

"அப்பா, இப்ப இந்த மரம் செத்துப்போச்சா, இருக்கா?"

சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படித்தேன். தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்களே செத்த செல்களின் சுவர்கள்தானாம். உயிரோட்டம் பெரும்பாலும் பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கில். அங்கே செல்கள் பிரிந்துகொண்டிருக்கும்வரை மரம் இருக்கிறது. 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கையைப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்ததும் செத்துப்போன வெற்று அறைகளைத்தான். நம் ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, பிரிந்து பெருகாது, சுமார் 120 நாள் உழைத்துவிட்டுப் போய்விடும். 'இனம் பெருக்கும்' என்ற கேள்வியில் அதுவும் ஃபெயில்தான்.

என் கட்சி இதுதான்: பட்டியல் தப்பில்லை, ஆனால் அதை முதலில் வைப்பது தப்பு. செல்லை முதலில் சொல்லிக்கொடுங்கள். ஒரு பொருளுக்குள் வேலை செய்யக்கூடிய செல் இருக்கிறதா என்று பிள்ளையே கேட்கட்டும். ஏழு பண்பும் ஒரே நேரத்தில் வெளியே தெரிய வேண்டும் என்று எவன் சொன்னான்?

நேற்று ராத்திரி ஒரு கைப்பிடி பச்சைப்பயறு ஊறப்போட்டு, ஈரத்துணியில் கட்டி, டப்பாவில் வைத்து மிஸ்ஸிடம் காட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். காலையிலேயே லேசாக முளை எட்டிப் பார்த்தது. மார்க்தான் இன்னும் வரவில்லை :-)