பர்ன்லியில் தொழிலாளி, மிடில்ஸ்பரோவில் சும்மாவா?

"அந்தக் காலத்துல ஆம்பளை வெளிய போய் சம்பாதிச்சான், பொம்பளை வீட்டைப் பாத்துக்கிட்டா, எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு." இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீங்க. நம்மாளுங்க மட்டும் இல்லை, இங்கிலாந்துக்காரங்களும் அவங்க கொள்ளுத்தாத்தா காலத்தைப் பத்தி இப்படிச் சொல்றதுண்டு. சரி, அந்தக் கொள்ளுத்தாத்தா காலத்தையே எட்டிப் பார்ப்போம். வருஷம் 1911. ஊர் ரெண்டே ரெண்டு.

முதல் ஊர் லங்காஷயரில் இருக்கிற பர்ன்லி. அப்போ ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம், கிட்டத்தட்ட ஒரு லட்சம் விசைத்தறி. ஆளுக்கொரு தறின்னு சொன்னாக்கூட தப்பில்லை! நெய்த துணியில் நிறைய நம்ம நாட்டுக்குத்தான் வந்துச்சு. லங்காஷயருக்கு இந்தியாதான் பெரிய சந்தை.

தறி ஓட்டினது யாருன்னு பார்த்தா பாதிக்கு மேல் பெண்கள். கல்யாணம் ஆனவங்களும் விடலை, குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட காசு கொடுத்து விட்டுட்டு மில்லுக்குப் போனாங்க. தறிச் சத்தத்துல பேச்சே கேக்காது, அதனால உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கிட்டாங்க. ஊடை தீர்ந்தா புது நூலை நாடாவோட ஓட்டை வழியா வாயால உறிஞ்சி இழுக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கணக்கே கிடையாது.

இதுல முக்கியமான விஷயம் கூலி. 1892-ல் வந்த பொதுக் கூலிப் பட்டியல்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ரேட். எவ்வளவு நெஞ்சியோ அவ்வளவு காசு. அந்தக் காலத்துல இது சாதாரண விஷயமில்லைங்க. ஆனா உடனே கைதட்டிடாதீங்க. தறியைச் சரிபார்த்து மேற்பார்வை பண்ற டேக்லர் வேலை முழுக்க ஆண்களுக்குத்தான். பல இடத்துல அவர் சம்பளமே அவருக்குக் கீழ நெய்யறவங்க சம்பாதிக்கிறதை வெச்சுத்தான். அப்போ அவர் எப்படி விரட்டியிருப்பார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. சங்கத்துல உறுப்பினர்கள்ல பெண்களே அதிகம், தலைமையில் ஆண்கள். சாயங்காலம் மில் விட்டா ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வருவாங்க. அதுக்கப்புறம் அடுப்பும் துவைக்கிற துணியும் பெரும்பாலும் அவளுக்கு மட்டும்.

இப்ப ரெண்டாவது ஊர், மிடில்ஸ்பரோ. இரும்பு ஆலைகளால் வளர்ந்த ஊர். அங்க ஆலை முதலாளி வீட்டம்மா ஃப்ளாரன்ஸ் பெல் வீடு வீடா விசாரிச்சு 1907-ல் ஒரு புத்தகமே போட்டாங்க. உலைக்களத்துல பெண்களுக்கு வேலை கிடையாது, வேற மில்லும் இல்லை. வீட்டு வேலைக்காரியா போகலாம், தையல் தைக்கலாம், கடையில் நிக்கலாம். கல்யாணம் ஆயிட்டா அதுவும் பெரும்பாலும் போச்சு.

அப்ப அவங்க சும்மாவா இருந்தாங்க? புருஷன் ராத்திரி ஷிஃப்ட், மகன் பகல் ஷிஃப்ட், வாடகைக்குத் தங்கியிருக்கிறவர் வேற ஷிஃப்ட்னா ஒரே வீட்டில் மூணு நேரத்துக்கு அடுப்பு எரியணும். தண்ணி காய்ச்சி, கரி படிஞ்ச துணியைக் கையால தோய்க்கணும். அந்த வாடகைக்காரர் கொடுக்கிற காசும் இவ உழைப்புதானே?

ஆனா 1911 சென்சஸ் படிவம் என்ன சொல்லுச்சு தெரியுமா? வீட்டு வேலை மட்டுமே செய்யற மனைவி, மகள், மத்த பெண் உறவினர்களுக்குத் தொழில் கட்டத்தில் எதுவும் எழுத வேண்டாம்! அதே வேலையை அடுத்தவன் வீட்டில் சம்பளத்துக்குச் செஞ்சா அது தொழில். அப்படி வீட்டுப் பணியாளரா இங்கிலாந்தில் பத்து லட்சம் பெண்களுக்கு மேல் பதிவாகியிருக்காங்க.

இங்கதான் என் வாதம். ரெண்டு ஊர்லயும் பெண்களோட உடம்பும் மனசும் ஒண்ணுதான். பர்ன்லி மனைவியை தொழிலாளி ஆக்கினதும், மிடில்ஸ்பரோ மனைவிக்கு வெத்துக் கட்டத்தைக் கொடுத்ததும் ஊர்ல என்ன ஆலை இருந்துச்சுங்கிற ஒரே விஷயம். இதைப் போய் 'இயற்கை', 'ஒழுங்கு'ன்னு சொன்னா எப்படி?

"அம்மா வேலைக்குப் போனதாலதானே பர்ன்லியில் அவ்வளவு குழந்தைங்க செத்துச்சு?"ன்னு கேட்கலாம். அன்னைக்கு டாக்டர்களும் அதைத்தான் சொன்னாங்க. பர்ன்லியில் சிசு மரணம் அதிகம், உண்மை. ஆனா மனைவிகள் வேலைக்கே போகாத டர்ஹம் சுரங்க ஊர்கள்லயும் அது அதிகமாத்தான் இருந்துச்சு. இடநெருக்கடி, கக்கூஸ் வசதி, கெட்டுப்போன பால், வறுமை இதையெல்லாம் விட்டுட்டு அம்மா தலையில் பழி போடறது சுலபம்.

கையில கூலி இருந்தா என்ன ஆகும்? 1901-ல் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் ஓட்டுரிமை கேட்டு 29,359 கையெழுத்தோட பார்லிமெண்டுக்கு மனு கொண்டுபோனாங்க. பர்ன்லிக்குப் பக்கத்து ஊரான நெல்சனைச் சேர்ந்த செலினா கூப்பர் கையெழுத்து வாங்கினவங்கள்ல ஒருத்தர். சின்ன வயசுலயே மில்லுக்குப் போனவர்.

அதனால, பழைய ஆவணத்துல ஒரு பெண் பேருக்கு நேரா கட்டம் காலியா இருந்தா 'வேலை இல்லை'ன்னு படிக்காதீங்க. எழுத வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அவ்வளவுதான்.